விதை முதல் பூ வரை: கலப்பினக் குடுவைச்செடியும் தமிழ்வழி அறிவியலும்



மொழி மன்றத்தின் மேடையில் பூச்சியுண்ணும் செடிக்கு என்ன வேலை என்று சிலர் வினவலாம். ஒரு செடியை விதையிலிருந்து பூக்கும் வரை வளர்ப்பவர் அதனை நாள்தோறும் பார்த்தாக வேண்டும். பார்த்ததைச் சொல்லியாக வேண்டும். அச்சொல் தமிழாக இருத்தல் இயலுமா என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட வினா. இந்நாட்டில் 2003ஆம் ஆண்டில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டன; தமிழ்ப்பள்ளிகளும் அதற்கு விலக்கல்ல. பின்னர் அக்கொள்கை கைவிடப்பட்டது. 2016இல் இருமொழித் திட்டம் வந்தது. கொள்கைகள் மாறலாம். தமிழில் அறிவியல் பேச முடியும் என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு மட்டும் நம்மிடமே உள்ளது.

செடிகள் ஏன் பூச்சியை உண்கின்றன? அவை வாழும் சதுப்பும் மணலும் தழைச்சத்து குன்றியவை. மண் கொடாததைச் செடி பூச்சியிடம் பெறுகிறது. அதற்காக இலையே பொறியாக மாறுகிறது. இவ்வகைச் செடிகளை ஆராய்ந்து சார்லஸ் டார்வின் 1875இல் தனி நூலொன்றை வெளியிட்டார்.

இவற்றின் பெயர்களைப் பாருங்கள். இலைமயிர்களின் நுனியில் பசைத்துளி மின்னும் டுரொசீராவைத் தமிழில் அழுகண்ணி என்பர். துளியைக் கண்ணீராகக் கண்ட கண் அப்பெயரை ஈன்றது. ஐரோப்பாவிலும் மெக்சிகோவிலும் வளரும் பிங்குவிகுலாவின் இலை, எண்ணெய் பூசியதுபோல் வழவழப்பானது. கொழுப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே அதன் பெயருக்கு வேர். நம் நாட்டு நெப்பந்திஸை மலாய்க்காரர் 'பெரியோக் கெரா' என்கின்றனர்; குரங்கின் பானை என்பது பொருள். தமிழில் கெண்டிச்செடி என்றும் குடுவைச்செடி என்றும் இரு வழக்குகள் உள. கெண்டிக்கு மூக்குண்டு, இச்செடியின் கலத்துக்கு மூக்கில்லை. ஆதலின் குடுவை என்பதே பொருந்துவதாக நாம் கருதுகிறோம். செடியை நேரில் காணாதவருக்கு இவ்வேறுபாடு புலப்படாது.

சித்தியவான் கடலோரத் தாழ்நிலம். வெப்பமும் ஈரமும் மிக்கது. கேமரன் மலையின் குளிரில் வளரும் இனங்கள் இங்கே வாடிவிடும். தாழ்நில இனங்களான கிராசிலிஸும் ஆம்புல்லாரியாவுமே நமக்கு ஏற்றவை. கிராசிலிஸ் ஒல்லியான குடுவையுடையது. மூடியின் அடிப்புறத்தில் எறும்பு நிற்க, மேலே மழைத்துளி விழுந்தால், அவ்வதிர்ச்சியில் எறும்பு குடுவைக்குள் விழுகிறது. ஆம்புல்லாரியாவின் குடுவை குண்டானது. அதன் மூடி பின்னோக்கி மடங்கியிருப்பதால் மேலிருந்து உதிரும் சருகுகள் உள்ளே விழுகின்றன. தன் தழைச்சத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் அது சருகிலிருந்து பெறுவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. இவ்விரண்டும் காட்டில் தாமே கலந்து பிறக்கும் பிள்ளைக்கு டிரைக்கோகார்ப்பா என்று பெயர். எறும்பைப் பிடிக்கும் செடியும் சருகைத் தின்னும் செடியும் கூடினால் குடுவையின் வடிவம் யாரைப் போன்றிருக்கும்? மூடி நிமிருமா, மடங்குமா? வகுப்பறைக்கு இதனினும் நல்ல வினா வேண்டுமோ?

கலப்பினம் உண்டாக்கும் முறை எளிது, பொறுமைதான் அரிது. நெப்பந்திஸில் ஆண்செடி வேறு, பெண்செடி வேறு. பூக்கும் வரை எது ஆண், எது பெண் என்று அறிய இயலாது. ஆண்பூவின் மகரந்தத்தை மெல்லிய தூரிகையால் தொட்டெடுத்துப் பெண்பூவின் சூல்முடியில் தடவ வேண்டும். சில மாதங்களில் காய் முற்றிப் பழுப்பாகி வெடிக்கும். உள்ளே நூலிழை போன்ற விதைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும், ஊதினால் பறந்துவிடும். அவை நெடுநாள் உயிர் தாங்கா. ஆதலின் உடனே விதைக்க வேண்டும்.

நன்கு கழுவி உப்பு நீக்கிய தேங்காய் நார்த்தூளும் நீர்ப்பாசியும் போதும். விதையை மேலே தூவுங்கள்; மண்ணிட்டு மூடாதீர்கள். மழைநீரே தெளியுங்கள். கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் மூடியால் ஈரம் காத்து, நேர்வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். உரம் இடாதீர்கள், வளம் குன்றிய மண்ணில் வாழப் பழகிய வேருக்கு அது கேடு. ஒன்றிரண்டு மாதங்களில் இரு வித்திலைகள் விரியும். அடுத்துவரும் முதல் இலையிலேயே கடுகளவுக் குடுவை தோன்றிவிடும். குடுவை பூவன்று, இலையின் உறுப்பு என்பதைப் பாடநூல் ஒரு வரியில் சொல்கிறது. அந்தக் கடுகளவுக் குடுவையைக் கண்ட பிள்ளை அதனை ஒருபோதும் மறவாது.

பின்னர் ஆண்டுகள் செல்லும். முதற்பூவுக்கு மூன்று, நான்கு ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகலாம். தமிழ்ப்பள்ளியின் ஆறாண்டுக் கல்விக்கு இது பொருத்தமான காலமே. இரண்டாம் ஆண்டில் விதைத்த மாணவி ஆறாம் ஆண்டில் பூவைக் காணக்கூடும். இடையில் அவள் எழுதிவரும் ஏட்டில் வித்திலை, பற்றுக்கம்பி, குடுவை, மூடி, வாய்விளிம்பு, மகரந்தம், சூல்முடி, கலப்பினம் ஆகிய சொற்கள் மனப்பாடமாக அன்றி, கண்டவற்றின் பெயர்களாக இடம்பெறும். இவ்வாறு உறுப்பை நோக்கிப் பெயரிடுதல் நமக்குப் புதிதன்று. வெளிப்புறம் வயிரமுடையதைப் புல்லென்றும் உட்புறம் வயிரமுடையதை மரமென்றும் பகுத்து, அவற்றின் உறுப்புகளுக்குரிய பெயர்களையும் தொகுத்துத் தந்தது தொல்காப்பிய மரபியல்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். சொல்லை முதலில் எழுதிப்போட்டுப் பின்னர் செடியைக் காட்டாதீர்கள். முதலில் பிள்ளைகள் பார்க்கட்டும். தம் வீட்டுத் தமிழில் சொல்லட்டும். 'இலை நுனியில ஒரு சின்னக் கிண்ணம்' என்று ஒரு மாணவன் கூறினால் அவனைத் திருத்த விரையாதீர்கள். கிண்ணத்துக்கும் குடுவைக்கும் என்ன வேறுபாடு என்று கேளுங்கள். அவ்வினாவிலிருந்தே கலைச்சொல் பிறக்கும்.

மற்றொரு வேண்டுகோள், செடியின் பொருட்டு. நெப்பந்திஸ் இனங்கள் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் பாதுகாப்பில் உள்ளவை. காட்டிலிருந்து பிடுங்கி வராதீர்கள். நாற்றுப்பண்ணையில் வளர்த்த செடியை வாங்குங்கள். பள்ளியில் பிறந்த கலப்பினத்தைக் காட்டில் கொண்டுபோய் நடாதீர்கள். அங்குள்ள தூய இனங்களோடு அது கலந்துவிடும்.

ரப்பர்த் தோட்டங்கள் கலைந்தபோது மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். பால்மரக் காட்டைச் சுற்றி முளைத்த செடிகொடிகளுக்கு அவர்கள் இட்டு வழங்கிய பெயர்களை இன்று எத்தனை பிள்ளைகள் அறிவர்? பழகுவதற்குச் செடி இல்லாதபோது சொல்லும் நாவை விட்டு அகல்கிறது. அகன்ற சொற்களை அகராதி சேமித்து வைக்கலாம். பேச வைக்க இயலாது. அதற்கு ஒரு தொட்டியும், மழைநீரும், நான்காண்டுப் பொறுமையும், அருகிலிருந்து 'என்ன பார்க்கிறாய், சொல்' என்று தமிழில் கேட்கும் ஓர் ஆசிரியரும் வேண்டும். நம் பள்ளிகளில் இவை நான்கும் அமைதல் அரிதன்று.