அணைக்கட்டும் திறவுகோலும்



மாத்தளை மாவட்டத்தின் பெருஞ்செல்வம் யாது என்று கேட்டால், மிளகும் கராம்பும் கொக்கோவும் என்று பலர் கூறுவர். வடக்கே வயல் செய்யும் உழவரைக் கேட்டாலோ, தயங்காது நீர் என்றே விடை கூறுவர். பொல்கொல்லையில் மறிக்கப்படும் மகாவலி நீர், மலையைக் குடைந்து அமைத்த ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியே உக்குவளையை வந்தடைகிறது. அங்கே 1976 ஆம் ஆண்டு தொடக்கம் மின்பொறிகளைச் சுழற்றிவிட்டுச் சுது கங்கையில் வீழ்கிறது. பின்னர் அம்பன் கங்கையாகிப் போவத்தென்ன நீர்த்தேக்கத்தை நிரப்புகிறது. அவ்விடத்தில் நீர் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பங்கு சுரங்கவழியாகத் தம்புள்ளைப் புறத்தே சென்று கலாவாவியை நோக்கி ஓடுகிறது. மறு பங்கு ஆற்றோடு இறங்கி, 2018 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்ட மொறகஹகந்த நீர்த்தேக்கத்திற் சேர்கிறது. அந்நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு 52 கோடி கனமீற்றருக்கும் சற்று அதிகம்.

ஆகவே, மாத்தளையில் ஒரு மதகு உரிய வேளையில் திறவாதொழிந்தால், அனுராதபுரத்திலும் பொலன்னறுவையிலும் நாற்று வாடும். உரிய வேளையல்லாத வேளையில் திறந்துவிட்டால், ஆற்றோரத்திற் குடியிருப்போர் அல்லற்படுவர். நீரின் திறவுகோல் யார் கையிலிருக்கிறது என்பது இம்மாவட்டத்தில் வெறும் பேச்சுக்குரிய கேள்வியன்று.

முற்காலத்தில் இக்கேள்விக்கு விடை எளிதாக இருந்தது. மதகுக்கு ஒரு சக்கரம். சக்கரத்துக்கு ஒரு காவலாளி. தீங்கு நினைப்பவன் இருளிற் கட்டேறி வந்து, காவலாளியைக் கடந்து, தன் கையாலேயே சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். இக்காலத்திலோ உலகெங்கும் அணைகளும் மின்னிலையங்களும் குடிநீர்ச் சாலைகளும் கணினிகளின் ஆட்சிக்குள் வந்துகொண்டிருக்கின்றன. நீர்மட்டத்தைக் கருவி அளக்கிறது. அளவைக் கம்பியும் வானலையும் சுமந்து செல்கின்றன. எங்கோ ஓர் அறையில் அமர்ந்திருப்பவர் விரலசைவில் கதவைத் திறக்கிறார். வெள்ளகாலத்தில் இந்த வேகம் உயிர் காக்கும். ஆயினும், வாய்க்கால் வெட்டியவன் அதில் நீர் மட்டுமே வரும் என்று எண்ணியிருக்கலாகாது. உத்தியோகத்தரின் கட்டளை செல்லும் வழியே பகைவனின் கட்டளையும் செல்லக்கூடும். இவ்வழியைக் காப்பதையே இணையப் பாதுகாப்பு என்றும் சைபர் பாதுகாப்பு என்றும் இன்று வழங்குகிறோம்.

இது கற்பனை அச்சமன்று. 2025 ஏப்ரலில் நோர்வே நாட்டின் பிரமாங்கர் என்னும் ஊரிலுள்ள சிறிய அணையொன்றின் கட்டுப்பாட்டுக்குள் இணையவழியாக எவரோ புகுந்தனர். நீர் வெளியேறும் கதவு ஏறத்தாழ நான்கு மணி நேரம் திறந்துகிடந்தது. வினாடிக்கு ஐந்நூறு லீற்றர் அளவிலான நீர் வீணே ஓடிற்று. எவருக்கும் ஊறு நேரவில்லை. எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொல்லே வழிவிட்டதெனக் கூறப்பட்டது. சிறு நண்டு வளை பெருங்குளத்தின் கட்டை உடைக்கும் என்பதை நம் உழவர் அறிவர். கடவுச்சொல் கணினிக் காலத்து நண்டு வளை எனலாம்.

அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கும் சற்று முன்னர், 2015 டிசம்பர் 23 ஆம் திகதி, உக்ரேன் நாட்டில் ஏறத்தாழ 2,25,000 மின்பாவனையாளர்கள் திடீரென இருளில் ஆழ்ந்தனர். பல மாதங்களுக்கு முன்பே மின்னஞ்சலோடு வந்த ஒரு கோப்பைத் திறந்ததால், பகைவர் மின்விநியோக நிறுவனங்களின் கணினிகளுள் குடிபுகுந்திருந்தனர். அன்றைய தினம், ஊழியர் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே, கணினித் திரையிலுள்ள சுட்டி தானாக நகர்ந்து துணைமின்னிலையங்களை ஒவ்வொன்றாகத் துண்டித்தது. அம்மக்கள் மீண்டது எங்ஙனம்? ஊழியர் வண்டியேறித் துணைமின்னிலையங்களுக்கு நேரிற் சென்று, ஆளிகளைத் தம் கைகளாலேயே மூடினர். சில மணி நேரத்தில் விளக்குகள் எரிந்தன. கணினி கைவிட்டபோது, பழைய கைப்பழக்கம் கைகொடுத்தது.

பகைவன் எப்பொழுதும் அந்நியனாகவே இருப்பான் என்றும் கருதலாகாது. 2000 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், கழிவுநீர்க் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பொருத்திய நிறுவனத்தில் முன்னர் பணியாற்றிய ஒருவர், உள்ளூராட்சி மன்றத்தில் வேலை கிடைக்காத மனத்தாங்கலால், மடிக்கணினியும் வானொலிக் கருவியுங் கொண்டு பல இலட்சம் லீற்றர் கழிவுநீரைப் பூங்காக்களிலும் நீரோடைகளிலும் பாயவிட்டார். பணி நீங்கியவரிடமிருந்து பழைய சாவியைத் திரும்பப் பெறும் நாம், அவர் அறிந்திருந்த கடவுச்சொல்லை மாற்ற மறந்துவிடுகிறோம். 2019 இல் தமிழ்நாட்டின் கூடங்குளம் அணுமின்னிலையத்திலும் நிருவாகக் கணினியொன்றில் தீய மென்பொருள் கண்டறியப்பட்டது. அக்கணினி உலையை இயக்கும் கணினிகளோடு இணைக்கப்படாது தனித்திருந்தது என அந்நிறுவனம் அறிவித்தது. அலுவலகத்தையும் இயந்திரத்தையும் ஒரே கம்பியில் கோவாமை எத்துணைப் பெரிய காவல் என்பதை இதனால் அறிகிறோம்.

நம் நாட்டுக்கு வருவோம். 2020 ஆகஸ்ட் 17 ஆம் திகதி கெரவலப்பிட்டித் துணைமின்னிலையத்தில் நேர்ந்த பழுதால் நாடு முழுவதும் பல மணி நேரம் இருண்டது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறைத் துணைமின்னிலையத்தில் ஒரு குரங்கு மின்கருவியோடு தொடர்புற்றமையே நாடு தழுவிய மின்தடைக்குக் காரணம் என அமைச்சர் கூறினார். இவ்விரண்டும் கணினித் தாக்குதல்கள் அல்ல. எனினும், தீவின் மின்சாரம் ஒரே சங்கிலி என்பதையும், ஒரு கண்ணி அறுந்தால் உக்குவளையும் யாழ்ப்பாணமும் ஒருங்கே இருளும் என்பதையும் அவை உணர்த்தின. எண்ணாமல் வந்த ஒரு விலங்கு இவ்வளவு செய்யுமாயின், எண்ணித் துணிந்து வரும் மனிதன் என்ன செய்யமாட்டான்?

மெய்யான தாக்குதலையும் நாம் கண்டிருக்கிறோம். 2023 ஆகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணினித் தொகுதியைக் கப்பம் கோரும் மென்பொருள் ஒன்று தாக்கிற்று. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறவுகோலுக்கு விலை கேட்பது இவ்வகை மென்பொருளின் இயல்பு. அமைச்சரவை அலுவலகம் உட்பட அரச மின்னஞ்சலைப் பயன்படுத்திய ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிப்புற்றன. மே 17 தொடக்கம் ஆகஸ்ட் 26 வரையான மடல்கள் மீளாது அழிந்தன. தொகுதி விரைவிலேயே மீண்டும் இயங்கத் தொடங்கிற்று. மடல்கள் மட்டும் திரும்பவில்லை. காப்புப் பிரதியும் அதே தொகுதியோடு இணைந்திருந்தமையால், மூலத்தோடு அதுவும் பூட்டுண்டது. வீட்டுச் சாவியின் மறுசாவியை அதே வீட்டினுள் வைத்துப் பூட்டியது போலாயிற்று.

இவ்விடத்தில் மாத்தளை நகருக்கு அண்மையிலுள்ள அலுவிகாரை நம் நினைவுக்கு வருகிறது. கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில், பஞ்சமும் போரும் நாட்டை வருத்திய நாளில், வாய்மொழியாகவே பேணப்பட்டு வந்த பௌத்த மறைநூல்களை அங்கே பிக்குகள் ஏட்டில் எழுதினர் என்பது மரபு. மனப்பாடமாக ஓதவல்லார் மடிந்துவிட்டால் நூலும் மடியுமே என்ற அச்சமே அவர்களை எழுதத் தூண்டியது. 1848 ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியின்போது அவ்விகாரையின் ஏட்டுச் சேமிப்பு அழிவுற்றது என்பர். நூல்களோ அழியவில்லை. ஏனெனில், அவற்றின் படிகள் அதற்கு நெடுங்காலத்துக்கு முன்பே பல விகாரைகளுக்கும் பல நாடுகளுக்கும் பரவியிருந்தன. எழுதிவைத்தது முதற் காவல். வேறிடத்தில் வைத்தது இரண்டாம் காவல். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஓலையோடு தொடங்கிய இப்பாடத்தை இன்றைய கணினி அறையும் கற்றுக்கொள்ளல் வேண்டும்.

இவையெல்லாம் அரசாங்கத்தின் கவலை, நமக்கென்ன என்று வணிகர் எண்ணலாகாது. தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் நள்ளிரவு தொடங்கி வண்டிவண்டியாகக் காய்கறி கைமாறுகிறது. விலை கைத்தொலைபேசியில் பேசப்படுகிறது. பணம் வங்கிக் கணக்கிலிருந்து கணக்குக்குப் பாய்கிறது. இத்தகைய வணிகத்தில், வழக்கமாகப் பொருள் தருபவரின் பெயரில், “எம் கணக்கு இலக்கம் மாறிவிட்டது, இனிப் புதிய இலக்கத்துக்கு அனுப்புக” என்றொரு செய்தி வந்தால் என்ன செய்வது? செய்தியில் உள்ள இலக்கத்தை அழையாது, முன்பே தம்மிடமுள்ள இலக்கத்தை அழைத்து, குரல் கேட்டு உறுதிசெய்தல் வேண்டும். இது சிறு செயலாயினும் பெரும் நட்டத்தைத் தடுக்கும். 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் பணம் களவாடப்பட்டபோது, இரண்டு கோடி டொலர் இலங்கைக் கணக்கொன்றுக்கு அனுப்பப்பட்டது. பெறுநரின் பெயரில் ஓர் ஆங்கிலச் சொல் எழுத்துப் பிழையோடிருந்ததை இடைநின்ற வங்கியார் கண்டு வினவினர். அப்பணம் காப்பாற்றப்பட்டது. பிலிப்பைன்சுக்குச் சென்ற எட்டுக் கோடியே பத்து இலட்சம் டொலரோ களவுபோயிற்று. கணினிகள் ஏமாந்த இடத்தில் ஒரு மனிதரின் ஐயம் காவல் செய்தது.

இத்துறையில் நம் நாடு வாளாவிருந்ததென்று கூறவியலாது. 2006 இல் இலங்கைக் கணினி அவசர தயார்நிலைக் குழு நிறுவப்பட்டது. 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் இயற்றப்பட்டது. வங்கித்துறைக்கெனத் தனியான பாதுகாப்பு அணி 2014 இல் அமைந்தது. கணினிக் குற்றங்கள் தொடர்பான புடாபெஸ்ட் சமவாயத்தில் 2015 இல் நம் நாடு சேர்ந்தது. 2019 முதல் 2023 வரைக்குமான தேசிய மூலோபாயமும், 2022 இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தன. 2025 முதல் 2029 வரைக்குமான அடுத்த மூலோபாயமும் வகுக்கப்பட்டது. ஆயினும் ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும். குற்றச் சட்டம் திருடனைத் தண்டிக்கும், கதவைப் பூட்டுவிக்காது. 2019 இல் வெளியிடப்பட்ட இணையப் பாதுகாப்புச் சட்டவரைவு, நாட்டுக்கு இன்றியமையாத கட்டமைப்புகள் எவையெனக் குறித்து, அவற்றின் உடைமையாளர்மீது பொறுப்புச் சுமத்த முனைந்தது இக்குறையை நோக்கியே.

கொள்கை வகுப்போர் நான்கு செய்திகளை வலியுறுத்தல் நன்று. முதலாவது, ஒவ்வோர் இன்றியமையா நிறுவனத்திலும் இப்பாதுகாப்புக்குப் பெயர் குறித்துப் பொறுப்பேற்கும் உத்தியோகத்தர் ஒருவர் இருத்தல். அனைவருக்கும் பொதுவான பொறுப்பு எவராலும் பேணப்படுவதில்லை. இரண்டாவது, காப்புப் பிரதியை இணைப்பு அறுத்து வேறிடத்தில் வைத்தலும், அதிலிருந்து மீட்டெடுக்க முடிகிறதா என்று காலந்தோறும் சோதித்தலும். மூன்றாவது, கணினியின்றி அணையையும் மின்னிலையத்தையும் கையால் இயக்கும் பயிற்சி. முதிய இயக்குநர் ஓய்வுபெறுமுன் அவரது கைப்பழக்கம் இளையவருக்குச் சென்றடைதல் வேண்டும். நான்காவது, தாக்குண்ட நிறுவனம் அதனை மறையாது உரிய இடத்தில் அறிவித்தல். நோயை ஒளித்தவன் தன்னோடு ஊரையும் கெடுப்பான். அறிவித்தவரை இகழாது உதவும் மனப்பான்மை அரசிடத்தும் இருத்தல் வேண்டும்.

ஆராய்ச்சி என்றவுடன் பெரிய ஆய்வுகூடங்களை நினைக்கிறோம். முதல் ஆராய்ச்சி ஒரு கணக்கெடுப்பே. நம்மிடம் எத்தனை கணினிகள் உள, எது எதனோடு இணைந்துள்ளது, எதன் மென்பொருள் பழையது, எதன் கடவுச்சொல்லை எத்தனை பேர் அறிவர் என்ற பட்டியல் இல்லாதவன் எதைக் காப்பான்? நெற்களஞ்சியம் காப்போன் மூடைகளை எண்ணுகிறான். கணினி காப்போனும் எண்ணுதல் வேண்டும். இப்பணியில் நம் பல்கலைக்கழகங்களும் தொழினுட்பக் கல்லூரிகளும் மாணவரை ஈடுபடுத்தினால், நாட்டுக்குக் காவலும் இளைஞருக்குத் தொழிலும் ஒருங்கே கிட்டும்.

இன்னுமொன்று. எச்சரிக்கை யாருக்காக வெளியிடப்படுகிறதோ அவர் மொழியிலேயே செல்லல் வேண்டும். ரத்தோட்டையில் கடை நடத்துபவரும், தோட்ட அலுவலகத்திற் கணக்கு எழுதுபவரும், தம்புள்ளையில் மொத்த வணிகம் செய்பவரும் தமிழிலோ சிங்களத்திலோ தெளிவாகக் கேட்டாலன்றி, கொழும்பில் ஆங்கிலத்தில் எழுதப்படும் அறிவுறுத்தல் அவர்தம் வாசலை எட்டாது. காவலின் சொற்கள் மக்களின் சொற்களாதல் வேண்டும்.

கணினியை அஞ்சி ஒதுக்குவது பேதைமை. அது மழையை முன்னறிந்து சொல்லுகிறது. வெள்ளத்தில் விரைந்து செயற்படுகிறது. அதனை நம்புவோம், அது தவறும் நாளுக்கும் ஆயத்தமாயிருப்போம். வேறிடத்தில் ஒரு பிரதி, கையால் சுழலும் ஒரு சக்கரம், ஐயுற்று வினவும் ஒரு மனிதர்: இம்மூன்றும் உள்ள இடத்தில் பகைவன் வந்தாலும் நாற்று வாடாது, விளக்கு நெடுநேரம் அணைந்திராது.