கைப்பேசிப் படமும் குடும்ப மானமும்

(ஆலய மண்டபத்தில் நடைபெற்ற பெற்றோர் சந்திப்பில் ஆற்றிய உரை)



விழாக் காலத்தில் பேசத்தக்க பொருளா இது என்று சிலர் எண்ணக்கூடும். பிள்ளைகளின் நலம் வேண்டி இறைவன் திருமுன் நிற்கும் நாம், அந்நலத்தைக் கெடுக்கும் ஒன்றைப் பற்றி இம்மண்டபத்தில் பேசாமல் வேறெங்குப் பேசுவது?

ஒருவருடைய அந்தரங்கப் படத்தை, அவருக்கு அவமானமும் வேதனையும் விளையும் என அறிந்தே, அவர் இசைவின்றிப் பிறருக்கு அனுப்புவது சிங்கப்பூரில் குற்றம். 2020 சனவரி 1 முதல் நடப்பிலுள்ள சட்டப் பிரிவின்கீழ் ஐந்தாண்டு வரை சிறை, அபராதம், பிரம்படி ஆகியவை விதிக்கப்படலாம். அனுப்பிவிடுவேன் என்று மிரட்டுவதும் குற்றமே. ஒருவர் முகத்தை வேறோர் உடலோடு பொருத்திய போலிப் படமும், மெய்யென நம்பத்தக்கதாயின், இச்சட்டத்துள் அடங்கும்.

2024 நவம்பரில் இங்குள்ள பள்ளியொன்றில் மாணவியரின் படங்கள் இவ்வாறு மாற்றப்பட்டுப் பரப்பப்பட்ட செய்தியைப் படித்திருப்பீர்கள். காவல் துறையும் விசாரித்தது. இவ்வகைப் போலிக்குச் சாதாரண முகப்படமே போதும். நாம் பெருமையோடு முகநூலில் இடும் அரங்கேற்றப் படமும் பால்குடப் படமும் அதற்குப் பயன்படலாம். ஆகவே, ‘ஒழுங்கான பிள்ளைக்கு இது நேராது’ என்னும் பேச்சை விட்டுவிட வேண்டும்.

ஆண்பிள்ளைகளும் தப்புவதில்லை. பெண் பெயரில் நட்புக் கொண்டு, படம் பெற்று, பணம் கேட்டு மிரட்டும் கும்பல்கள் உள்ளன. ஒருமுறை கொடுத்தால் மறுமுறையும் கேட்பார்கள். அவர்கள் நம்பியிருப்பது, ‘அப்பாவுக்குத் தெரிந்தால் அவ்வளவுதான்’ என்னும் பிள்ளையின் அச்சத்தை. நம் வீடுகளில் அவ்வச்சத்திற்குக் குறைவே இல்லை!

பிள்ளை வாய்திறந்து சொல்லும்போது, முதலில் முழுவதும் கேளுங்கள். ‘யார் அனுப்பச் சொன்னது?’ என்னும் வினா அன்றைக்கு வேண்டாம். சினத்தில் கைப்பேசியை உடைக்கும் தந்தையர் உண்டு, உடைவது சான்றும்தான். மிரட்டல் செய்திகள், அனுப்பியவரின் கணக்குப் பெயர், நாள், நேரம் ஆகியவற்றைப் பத்திரப்படுத்தி, பிள்ளையோடு சேர்ந்து காவல் நிலையத்தில் புகார் அளியுங்கள். படத்தை மட்டும் உறவினருக்கு அனுப்பி ஆலோசனை கேட்காதீர்கள்.

படத்தை நீக்கவும் வழியுண்டு. பதினெட்டு வயது நிறையுமுன் எடுக்கப்பட்ட படங்களுக்கு, அமெரிக்கச் சிறுவர் பாதுகாப்பு நிலையமொன்று நடத்தும் ‘டேக் இட் டவுன்’ என்னும் இலவசச் சேவை உள்ளது. பெயர் சொல்லத் தேவையில்லை. படமும் கைப்பேசியை விட்டு வெளியே போவதில்லை. கைரேகை போன்ற எண் அடையாளம் ஒன்று மட்டுமே அனுப்பப்படுகிறது. சேவையில் இணைந்த தளங்கள் அவ்வடையாளத்தைக் கொண்டு படத்தைக் கண்டறிந்து நீக்க முயல்கின்றன. பெரியவர்களுக்கு ‘ஸ்டாப் என்சிஐஐ’ என்னும் சேவை இதே முறையில் இயங்குகிறது. இணையாத தளங்களிலும், மறையாக்கம் செய்யப்பட்ட தனிச்செய்திகளிலும் இவை பயன்படா.

இவற்றைப் பயன்படுத்தும் முறையை அறிய விரும்பும் பெற்றோரும் பிள்ளைகளும், அன்னதானத்திற்குப் பின் மண்டபத்தின் பின்னறையில் என்னைத் தனியே சந்திக்கலாம்.