இருமாவும் நாலுமாவும்



மயிலாப்பூரில் அல்லாடி ராமகிருஷ்ணன் தம் இல்லத்தில் நடத்திவந்த இயற்பியல் கருத்தரங்கிலிருந்துதான் 1962-இல் கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது. சி. எஸ். சேஷாத்ரியின் கணிதக் கழகமும் 1989-இல் தியாகராய நகரில்தான் தொடங்கிற்று. கணிதம் பேசிப் பழகிய இந்த வட்டாரத்தில், இணைய நிரல்கள் போடும் கணக்கைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். அது அற்ப விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கூட்டல் தருகிறேன்.

உலாவியின் ஜாவாஸ்கிரிப்ட்டில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டுங்கள். விடை 0.30000000000000004. அந்த மொழியை மட்டும் பழித்துப் பயனில்லை. ஐஇஇஇ 754 நியமப்படி எண்களை 64 பிட்டுக்குள் இரும வடிவில் வைக்கும் எல்லா மொழிகளுக்கும் இதே கதிதான். பாதி பாதியாகப் பிளந்து வரும் பின்னங்களே அதில் துல்லியமாக அடங்கும்.

இனி நம் பழைய வாய்பாட்டு ஏடான எண்சுவடியைத் திறப்போம். அரை, கால், அரைக்கால் மூன்றும் கணினிக்குள் பிசிறில்லாமல் உட்காரும். மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. இவற்றின் பகுதியில் 5 ஒளிந்திருப்பதால் ஒன்றும் உட்காராது. ஆனால் மாவும் காணியும் சேர்ந்தால் மாகாணி, அதாவது 1/16. அது கச்சிதமாக உட்காரும்! நிரலர்கள் உலகெங்கும் சொல்லிச் சிரிக்கும் அந்த 0.1, 0.2 நம் கணக்கில் இருமாவும் நாலுமாவும். திண்ணைப் பள்ளிப் பையனுக்கு அது ஆறு மா. ஐந்து மா ஒரு கால், மிச்சம் ஒரு மா. 'காலே ஒருமா' என்று முடித்துவிடுவான். அந்தப் பள்ளிகளின் மனக்கணக்குப் பயிற்சியைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் செந்தில் பாபு விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

யோஸ் டி யோங் 2013-இல் தொடங்கிய மேத்.ஜேஎஸ் என்ற திறமூல ஜாவாஸ்கிரிப்ட் நிரலகத்திலும் பின்னத்துக்கென்றே ஒரு வகை உண்டு. தொகுதியும் பகுதியும் கடைசிவரை முழு எண்களாகவே இருக்கும். 1/10-உம் 2/10-உம் சேர்ந்து 3/10 ஆகும். வேகம் குறையத்தான் செய்யும். கிராமுக்கு மூன்று தசமம் பார்க்கும் தி. நகர் நகைக்கடை பில்லுக்கு அது ஒரு பொருட்டா என்ன? இந்த ஒற்றுமையை வைத்து நம் முன்னோர் கணினியை அன்றே அறிந்திருந்தார்கள் என்று யாராவது கட்டுரை கொண்டுவந்திருந்தால், அதை மதிய உணவின்போது பேசிக்கொள்வோம்.

யூனிகோடு 2019-இல் முந்திரி உள்ளிட்ட 51 தமிழ்க் குறிகளுக்கு இடம் தந்துவிட்டது. முத்து அண்ணாமலை தொடங்கிய ஓப்பன்-தமிழ் நிரலகம் எண்ணைத் தமிழ்ச் சொல்லாக எழுதித் தருகிறது. அது பைத்தானில் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட்டிடமோ மூன்றைத் தமிழில் ௩ என்று எழுதி எண்ணாக மாற்றச் சொன்னால் இன்றும் கைவிரிக்கிறது.

ஆகவே இந்த அரங்கிடம் நான் கேட்பது சிறியது. மேத்.ஜேஎஸ்ஸின் பின்ன வகை மேல் தமிழ்ப் பின்னங்களை ஏற்றுங்கள். அப்பாச்சி 2.0 உரிமம் அதற்கு இடம் தருகிறது. நிரலுக்கு முன் சோதனைகளை எழுதுங்கள்: எண்சுவடி வாய்பாட்டின் ஒவ்வொரு வரியும் ஒரு சோதனை. ஒரு வரி பொருந்தாமல் போனால் உடனே நிரலைத் திருத்தப் புகாதீர்கள். ஏடெழுதியவரும் பிழை செய்திருக்கலாம். இன்னொரு பிரதியையும் ஒப்பிட்டுவிட்டுத் திருத்துங்கள்.