பக்கத்து நிரையில் ஓர் ஆள் வேண்டும்

(தோட்டத் தலைவர், தலைவிமாரும் ஆசிரிய அங்கத்தவர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



புதிதாகப் பேர் பதிந்த பிள்ளையை மலையில் யாரும் தனியே விடுவதில்லை. பக்கத்து நிரையில் ஒரு பெரியம்மாவோ அக்காவோ நிற்பார். முற்றின இலையைப் பறித்தால் அங்கேயே சொல்லிக் கொடுப்பார். நிறுவைக்கு முன் கூடை குறைந்திருந்தால் தன் கொழுந்தில் ஒரு கை அள்ளிப் போடுவார். இங்கே இருக்கும் அம்மாமார் பலரும் அப்படித்தான் தொழில் பழகினீர்கள். உங்கள் பிள்ளைக்குப் படிப்பிக்க வரும் புது ஆசிரியருக்கு மட்டும் பக்கத்து நிரையில் ஆள் இல்லை.

நான் 2015இல் ஆசிரியர் உதவியாளராக வந்தவள். மாதம் 6,000 ரூபா கொடுப்பனவு. அது 10,000 ஆவதற்கே எவ்வளவோ குரல் கொடுக்க வேண்டியிருந்தது. முதலில் வகுப்பு, பயிற்சி பிறகு என்றார்கள். ஒரே மண்டபத்தில் தரம் 2, தரம் 3 இரண்டும் என் கையில். பக்கத்தில் கேட்க ஆளில்லை. அதிபருக்கே இரண்டு வகுப்பு.

அப்போது வேறொரு தோட்டப் பாடசாலையில் இருந்த மூத்த டீச்சர் ஒருவரின் போன் நம்பர் கிடைத்தது. ஒருநாள் பெருமையாக ஒரு பிள்ளையின் கொப்பியைப் படம் எடுத்து அனுப்பினேன். முத்து முத்தான எழுத்து. அவர் திருப்பி அனுப்பிய குரல் பதிவு இவ்வளவுதான்: “எழுத்து அழகா இருக்கு மகள். நாளைக்கு கரும்பலகையை அழிச்சிட்டு, அதே வரியை அந்தப் பிள்ளையை வாசிக்கச் சொல்லிப் பாருங்க.”

மறுநாள் வாசிக்கச் சொன்னேன். பிள்ளைக்கு ஒரு சொல்லும் வரவில்லை. படம் வரைவது போலத்தான் அவன் எழுத்தை வரைந்திருக்கிறான். அன்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டேன். வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான். நான் அமைதியான வகுப்பு என்று நினைத்திருந்தது, ஒன்றும் விளங்காமல் பார்த்து எழுதிய வகுப்பு. எந்தப் பிள்ளைக்கு எந்த எழுத்துத் தெரியும் என்று தனித்தனியே குறிக்க அவர் பழக்கினார். தரம் 3க்குத் தாமாகச் செய்யக்கூடிய வேலை கொடுத்துவிட்டுத் தரம் 2இடம் திரும்பப் பழக்கினார். அந்த ஒரு குரல் பதிவு வந்திருக்காவிட்டால், அந்தப் பிள்ளைகள் தரம் 5 வரை அழகான கொப்பியோடு போயிருப்பார்கள். லயத்தில் அம்மா அந்தக் கொப்பியைப் பார்த்து, பிள்ளை படிக்கிறது என்று சந்தோஷப்பட்டிருப்பார்.

இதனால்தான் இது உங்கள் விஷயம் என்கிறேன். சந்தா கட்டும் தொழிலாளியின் பிள்ளைதான் அந்த வாங்கில் உட்கார்ந்திருக்கிறது.

“அதுதான் வாட்ஸ்அப் குறூப் இருக்கிறதே” என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது. அதில் காலை வணக்கம் வரும், சுற்றுநிருபம் வரும், நாளைக்குள் விபரம் அனுப்பு என்று வரும். அதிபரும் கல்விப் பணிமனை அதிகாரியும் பார்க்கும் இடத்தில், “எனக்கு இந்தப் பாடம் படிப்பிக்கத் தெரியவில்லை” என்று எந்தப் புது ஆசிரியர் எழுதுவார்?

ஒரு தங்கை எழுதினார். நம்பிய ஒருவருக்குத் தனியாகத்தான் எழுதினார், வகுப்பைக் கட்டுப்படுத்த முடியவில்லை என்று. அந்தச் செய்தி படமாகப் போய் அதிகாரியின் மேசைக்கு வந்தது. அடுத்த கூட்டத்தில் பெயர் சொல்லாமல் அதை வாசித்தார்கள். எல்லோருக்கும் ஆள் யாரென்று தெரியும். அதன் பிறகு அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மாற்றல் கிடைத்ததும் போய்விட்டார். நான் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். எழுந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அந்தக் குறை எனக்கு இன்றும் இருக்கிறது.

இன்னொன்றையும் சங்கக்காரியாகச் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடியபோது, சொந்தப் போனில், சொந்தக் காசுக்கு ரீலோட் போட்டுப் படிப்பித்தோம். சிக்னலுக்காகக் கோயிலடி மேட்டில் போய் நின்றோம். நல்ல மனதோடு தொடங்கிய வேலை கொஞ்ச நாளில் கடமையாகிவிட்டது. செலவு யாருடையது என்று கேட்பாரில்லை. 2021 ஜூலையில் சம்பள முரண்பாட்டுக்காக நாடு முழுவதும் ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலை நிறுத்தினார்கள். மாதக்கணக்கில் நீடித்த அந்தப் போராட்டத்தின்போது எங்களைத் திட்டிய பெற்றோரும் இங்கே உண்டு. அந்தக் கோபம் எங்களுக்கு விளங்கும். ஆனால் இலவசமாகக் கொடுத்த வேலைக்குப் பின்னால் உரிமை கேட்பது எவ்வளவு கஷ்டம் என்பதை அப்போது படித்துக்கொண்டோம். மூத்தவர் இளையவருக்கு வழிகாட்டுவதும் வேலைதான். இரவு சமையல் முடித்து, பிள்ளையைத் தூங்கவைத்து, பத்து மணிக்குப் பதில் சொல்லும் டீச்சரின் உழைப்பு அது.

ஆகவே நமது சங்கம் ஐந்து விஷயங்களைக் கையில் எடுக்க வேண்டும்.

ஒன்று, ஒரு மூத்தவருக்கு இரண்டு புதியவர், அதற்கு மேல் வேண்டாம். வேறு பாடசாலையாக, அதே வகுப்புப் படிப்பிப்பவராக, புதியவருக்கு மதிப்பீடு எழுதாதவராக இருக்க வேண்டும். யாரோடு பேசுவது என்பதைப் புதியவரே தெரிவு செய்யட்டும். நேரில் ஒருமுறை சந்தித்துவிட்டுப் போனில் தொடரட்டும். இளம் பெண் ஆசிரியைகளுக்கு இது மிக அவசியம்.

இரண்டு, அங்கே பேசியது அங்கேயே இருக்க வேண்டும். படம் பிடித்து மேலே அனுப்புவது காட்டிக்கொடுப்பதற்குச் சமம். பிள்ளையின் முகமோ பெயரோ தெரியும் படத்தையும் அனுப்பக் கூடாது.

மூன்று, வாரத்தில் ஒரு பாடவேளை இதற்காக நேரசூசியில் ஒதுக்கப்பட வேண்டும்.

நான்கு, டேட்டா செலவு ஆசிரியரின் பையிலிருந்து போகக் கூடாது.

ஐந்து, இதைக் காட்டி வெற்றிடங்களை நிரப்பாமல் இருக்கவோ, ஆசிரிய ஆலோசகர் மலைக்கு வராமல் இருக்கவோ இடம் கொடுக்கக் கூடாது. போன் வழியாக வரும் ஆலோசனை, வகுப்பில் நிற்கும் ஆசிரியருக்கு ஈடாகாது.

இவை கிடைக்க நாளாகும். அதுவரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. வாசலில் உள்ள மேசையில் ஒரு கொப்பி இருக்கிறது. பத்து வருடத்துக்கு மேல் படிப்பித்தவர்கள் ஒரு பக்கத்திலும், புதியவர்கள் மறுபக்கத்திலும் பெயரும் வகுப்பும் எழுதிவிட்டுப் போங்கள். முதல் பக்கத்தில் என் பெயரை எழுதியிருக்கிறேன். தலைவர்மாரே, உங்கள் தோட்டத்துக்குப் புது டீச்சரோ சேரோ வந்தால், வந்த வாரமே எங்களுக்குச் சொல்லுங்கள்.