மணிமுத்தாற்றில் போட்ட பொன்

விருத்தாசலத்துக்காரர்களுக்கு இந்தக் கதை தெரியும். மற்றவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடலாம்.

திருமுதுகுன்றம் என்ற பழைய பெயர் கொண்ட இந்த ஊரில், கோயில் கொண்ட சிவன் பழமலைநாதர், தேவாரம் பாடிய சுந்தரருக்குப் பன்னிரண்டாயிரம் பொன் கொடுத்தார். சுந்தரர் அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்கிறது பெரியபுராணம். ஆற்றில் போடுவதற்கு முன் அவர் ஒரு காரியம் செய்தார். பொன்னிலிருந்து ஒரு துண்டை மச்சம் வெட்டி வைத்துக்கொண்டார். மச்சம் என்றால் மாதிரி. குளத்தில் எடுத்த பொன்னை அதோடு உரைத்துப் பார்த்தால் மாற்றுக் குறைந்திருந்தது! மறுபடி பாடித்தான் சரிக்கட்டினார்.

கடவுள் கொடுத்ததற்கே மாதிரி வைத்துக்கொண்டார் சுந்தரர். ஆனால் மகனுக்கு வீடு வாங்கப் பணம் கொடுக்கும் அப்பாவோ, “நமக்குள்ள என்னப்பா கணக்கு” என்று பேச்சை முடித்துவிடுகிறார்.

பீங்கான் பட்டறையில் உழைத்துச் சேர்த்த ஒரு தகப்பனாரை நினைத்துக்கொள்ளுங்கள். மூத்த மகன் சென்னையில் பிளாட் வாங்குகிறான். முன்பணம் குறைகிறது, அப்பா பத்து லட்சம் தருகிறார். மகளுக்குக் கல்யாணத்தில் இருபது பவுன் போட்டாயிற்று. இளையவன் பெற்றோரோடு இருக்கிறான். பத்து வருஷம் கழித்து, அப்பா இல்லாத நிலையில், பத்திர ஆபீஸ் வாசலில் எழுத்தர் மேசை முன்னால் அம்மாவும் இரண்டு மகன்களும் நிற்கிறார்கள். “அப்பா கொடுத்தது” என்கிறான் மூத்தவன். “அண்ணன் எடுத்துக்கிட்டது” என்கிறான் தம்பி. “கைமாத்தாத்தானே கொடுத்தாரு” என்கிறார் அம்மா. பணம் ஒன்றுதான், அதற்குப் பெயர்தான் மூன்று. அனுபவப்பட்ட எழுத்தர் முதலில் கேட்பதும் அதைத்தான்: அது தானமா, கடனா, பங்கில் முன்கூட்டிக் கொடுத்ததா?

இந்தக் கேள்வியைப் பத்து வருஷம் முன்பே கேட்டிருக்க வேண்டாமா, நேயர்களே?

சுயமாகச் சம்பாதித்த சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். அது பெற்றவர் உரிமை. உயில் எழுதாமல் ஓர் இந்துத் தகப்பனார் காலமானால், 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய தாய், மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு. மூத்தவன் முன்பே வாங்கிய பத்து லட்சத்தை அந்தச் சட்டம் தானாகக் கழித்துக்கொள்ளாது. கழிக்க வேண்டுமானால் உயிலில் அப்பா எழுதியிருக்க வேண்டும்.

“பொண்ணுக்குத்தான் சீர் செஞ்சாச்சே” என்பதும் சட்டத்தின் முன் நிற்காது. பூர்வீகச் சொத்தில் தமிழ்நாடு 1989இலேயே மகளுக்குப் பங்கு கொடுத்தது. அன்று அது கல்யாணமாகாத பெண்ணுக்கு மட்டும். 2005இல் நாடாளுமன்றம் எல்லா மகள்களையும் சேர்த்தது. தந்தை அப்போது உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

சரி, பத்து லட்சத்தையும் இருபது பவுனையும் எப்படி ஒப்பிடுவது? இதற்கு விருத்தாசலத்துப் பொம்மைப் பட்டறைக்குள் நுழைந்து பார்க்கலாம். பச்சை மண்ணில் ஒரு முழம் இருக்கும் பொம்மை, சூளையிலிருந்து வரும்போது ஒரு முழம் இருக்காது. காய்கிறபோதும் வேகிறபோதும் மண் சுருங்கும். அது தெரிந்தே அச்சைப் பெரிதாகச் செய்வார்கள். ரொக்கமும் அப்படித்தான், வருஷம் போகப் போகச் சுருங்கும். பவுனும் மனையும் விலை ஏறும். எனவே அன்றைய விலையா, இன்றைய விலையா என்பதைக் கொடுக்கிற அன்றைக்கே பேசி முடித்தால் சண்டை பாதி குறையும். பெற்றோரைக் கூட இருந்து பார்த்துக்கொண்ட இளையவனின் உழைப்பையும் அந்தப் பேச்சில் சேர்க்கத்தான் வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். கடன் என்றால் வங்கி வழியாகக் கொடுக்க வேண்டும். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் விடாது. வீட்டையே எழுதிக் கொடுப்பதென்றால் இரண்டு சாட்சிகளோடு செட்டில்மென்ட் பத்திரம் பதிய வேண்டும். பதிந்த பிறகு மனம் மாறினால் தன்னிச்சையாக ரத்து செய்ய முடியாது. ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. மத்தியப் பிரதேசத்தில் ஒரு தாய் 2019இல் மகனுக்குச் சொத்தைத் தானமாக எழுதினார். மகன் கவனிக்கவில்லை என்று, 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டப்படி வழக்குப் போட்டார். பராமரிப்பதாக எழுதியிருந்த உறுதிமொழித் தாள் அவர் கையில் இருந்தது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தானத்தை ரத்து செய்தது. அந்தத் தாயிடம் இருந்த மச்சம் அந்தத் தாள்தான்.

நேரம் நெருங்கிவிட்டது. மகனோ மகளோ வீடு வாங்கப் பணம் கேட்டிருக்கும் பெற்றோர்களே, காசோலையில் கையெழுத்துப் போடுவதற்கு முன் எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்கார வையுங்கள். யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதியில், எந்தப் பெயரில் என்று ஒரு நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். அதையொட்டி உயிலையும் எழுதிவிடுங்கள். கட்டிக்கொடுத்த மகளையும் அன்றைக்கு மறக்காமல் கூப்பிடுங்கள்.