முப்பது நாள்
(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



புதுக்கடை என்றதும் எல்லோருக்கும் நீதிமன்றம் ஞாபகம் வரும். எனக்கு வருவது சான் செபஸ்தியன் கால்வாயின் நாற்றம். மூக்கைப் பொத்திக்கொண்டு பாடசாலைக்கு ஓடி வருவோம். உயர்தர வகுப்பில் இரசாயனவியல் டீச்சர் அந்தத் தண்ணீரை ஒரு போத்தலில் எடுத்துவரச் சொன்னார். மங்கனீசு சல்பேற்றும் கார அயடைட்டும் சேர்த்தோம். ஒட்சிசன் இருந்தால் கபில நிறத்தில் படியும், இல்லாவிட்டால் வெள்ளையாகவே இருக்கும் என்றார். வெள்ளையாகவே இருந்தது. நாற்றத்துக்குக் காரணம் உண்டு, அதை அளக்கவும் முடியும் என்று அன்றுதான் அறிந்தேன். என் அரச சேவை அந்தப் போத்தலில் தொடங்கியது.

தேசிய சுற்றாடல் சட்டம் 1980இல் வந்தது. 1988ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, விதித்துரைக்கப்பட்ட பெரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு வேண்டும். அறிக்கை தயாரானதும் வர்த்தமானியிலும், சிங்கள, தமிழ், ஆங்கிலப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் வரும். 30 நாட்களுக்குள் யாரும் தம் கருத்தை எழுதி அனுப்பலாம்.

ஒருமுறை சதுப்பு நிலமொன்றை நிரப்பும் திட்டம் என் மேசைக்கு வந்தது. வெள்ளம் வரக்கூடும் என்று ஒரேயொரு வரி எழுதினேன். பொதுமக்களிடமிருந்து ஒரு கடிதமும் வரவில்லை. "யாருக்கும் ஆட்சேபனை இல்லையே" என்று கூட்டத்தில் சொன்னார்கள். நான் வாய் திறக்கவில்லை. பிறகு வந்த மழையில் அயல் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அதில் ஒன்று என்னோடு படித்தவளின் வீடு. "நீ அங்கேதானே இருந்தாய், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றாள். அதற்கு இன்றும் என்னிடம் பதில் இல்லை.

ஓய்வு பெற்ற பின், 2021 மே 20இல் 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' கப்பல் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றியது. சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் குருணிகளை ஏற்றி வந்த கப்பல் அது. பயணத் தடை நீங்கியதும் நாங்கள் சிலர் மா அரிக்கும் அரிதட்டுகளோடு நீர்கொழும்புக் கரைக்குப் போனோம். மணலை வாளித் தண்ணீரில் கொட்டினால் மணல் அடியில் நிற்கும், பருப்பளவு குருணிகள் மிதக்கும். "அடுத்த அலை மறுபடியும் கொண்டுவரும் அக்கா" என்றார் ஒரு மீனவப் பெண். உண்மைதான். ஆனாலும் திகதி, இடம், எண்ணிக்கை மூன்றையும் கொப்பியில் எழுதினோம். இன்றும் மாதமொருமுறை போய் எழுதுகிறோம்.

2025 யூலை 24இல் நமது புதுக்கடையிலுள்ள உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்தும்படி தீர்ப்பளித்தது. எங்கள் கொப்பி அந்த வழக்குக்குப் போகவில்லை. ஆனால் மனுச் செய்தவர்களில் மீனவர்களும் சுற்றாடல் ஆர்வலர்களும் இருந்தார்கள். ஆட்சேபனை உண்டு என்று எழுதிக் கொடுக்க அவர்கள் முன்வந்தார்கள். அதைத்தான் நான் மேசைக்குப் பின்னால் இருந்து செய்யத் தவறினேன்.

சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். இங்கே உள்ளவர்கள் முறை வைத்து, அந்த அறிவித்தல்களை வாசியுங்கள். வெளிநாட்டில் உள்ளவர்களில் பொறியியலாளர் இருக்கிறீர்கள், சட்டத்தரணிகள் இருக்கிறீர்கள். அறிக்கையை அனுப்பினால் படித்து விளக்கிச் சொல்லுங்கள். கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். ஒரு பக்கம் போதும். அடுத்த முறை ஒரு கூட்டத்தில் "யாருக்கும் ஆட்சேபனை இல்லையே" என்று எவரும் சொல்ல முடியாமல் இருக்க வேண்டும். அந்த மேசையில் இருக்கும் இளம் உத்தியோகத்தருக்கும் அது பேசத் துணிவு கொடுக்கும்.