கர்ணனுக்கு அழுகிறோம், பிறகு?

(அனந்தபுரத்தில் விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



கூலியைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும் நாம் நிறையப் பேசியிருக்கிறோம். இன்று கூத்தைப் பற்றிப் பேசுவோம். "வயிற்றுப்பாடு இவ்வளவு இருக்கும்போது கூத்தைப் பற்றி என்ன பேச்சு?" என்று சிலர் கேட்கலாம். பகலெல்லாம் களையெடுத்த உடம்போடும், ஆலையில் ஷிப்டு முழுவதும் நின்ற காலோடும் வந்து, விடிய விடிய உட்கார்ந்து நம் ஜனங்கள் பார்க்கிற விஷயம் அற்பமானதாக இருக்க முடியாது. அதிலே நம் வாழ்க்கை இருக்கிறது. அதனால்தான் பேசுகிறோம்.

செஞ்சிச் சீமை பாரதக் கூத்துக்குத் தாய்வீடு. பழைய செஞ்சி என்று சொல்லப்படும் மேலச்சேரியில் உள்ள திரௌபதி அம்மன் கோயிலையே மூலக்கோயில் என்று இந்த வட்டாரத்து ஜனங்கள் சொல்லி வருகிறார்கள். ஆல்ஃப் ஹில்டபைட்டல் என்ற அமெரிக்க அறிஞர் இங்கே வந்து, இந்த விழாவைப் பார்த்து, நம்மவர்கள் சொன்னதையெல்லாம் கேட்டு, 1988-ல் ஒரு பெரிய புத்தகமே வெளியிட்டார்.

விழா தொடங்கினால் பகலில் பிரசங்கியார் பாரதம் படிப்பார். இரவில் மத்தளமும் முகவீணையும் முழங்கும். வில் வளைப்பு, துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை என்று இரவுக்கு ஒரு கூத்தாகக் கதை நகரும். கடைசி இரவு பதினெட்டாம் போர். மறுநாள் காலை படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் விழுந்து கிடப்பான், அவன் தொடை பிளக்கும், திரௌபதி கூந்தல் முடிப்பாள், மாலையில் தீமிதி.

ஆனால் ஜனங்கள் அதிகமாக அழுவது எந்த இரவில்? கடைசி இரவில் அல்ல. அதற்கு முந்தின இரவில்! கர்ண மோட்சம் நடக்கிற இரவில்!

ஏன்? கடைசி இரவில் தீர்ப்பைக் கதையே சொல்லிவிடுகிறது. அநியாயக்காரன் விழுகிறான், நாம் மனநிறைவோடு வீட்டுக்குப் போகிறோம். முந்தின இரவில் கதை தீர்ப்புச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய பொறுப்பு பார்க்கிற நம் தலையில் விழுகிறது. அதனால்தான் அந்த இரவு முடிந்தும் பேச்சு முடிவதில்லை. மறுநாள் நடவு வயலிலும் டீக்கடையிலும் பஸ்ஸிலும் வழக்கு நடக்கிறது.

அந்த வழக்கில் ஜனங்கள் சொல்வதைக் கேளுங்கள். "பெற்ற பிள்ளையை ஆற்றில் விட்டவள், சண்டை வந்த பிறகு வரம் கேட்க வந்தாளே!" என்று குந்தியைத் திட்டுகிறார்கள் பெண்கள். "தேர்ச்சக்கரம் புதைந்து நிற்கிறவன்மேல் அம்பு விடலாமா?" என்கிறார் ஒருவர். "பெண்டாட்டி பொன்னுருவிகூட அவனைத் தேரோட்டி மகன் என்று இளப்பமாகப் பார்த்தாளே!" என்கிறார் இன்னொருவர். அதே கூட்டத்திலிருந்து ஒரு தாய் குறுக்கிடுகிறாள்: "எல்லாம் சரி. சபையிலே திரௌபதியின் சேலையை உருவச் சொன்னவனும் இவன்தானே?"

இதைவிடச் சிறந்த விமர்சனத்தை எந்தப் பண்டிதரும் எழுதவில்லை.

அந்தத் தாயின் கேள்விக்கு நாம் பதில் சொல்ல வேண்டும். கர்ணன் ஏன் அப்படிப் பேசினான்? துரியோதனன் போட்ட சோறு பேசவைத்தது. செஞ்சோற்றுக் கடன் என்கிறார்கள். "உப்பைத் தின்றவன் எதிர்த்துப் பேசலாமா?" என்று பண்ணையாளிடம் மிராசுதார் கேட்டதும் இதே நியாயம்தான். நாம் திருப்பிக் கேட்போம்: அந்தச் சோற்றைத் துரியோதனனா விளைவித்தான்? அவன் ஏர் பிடித்தானா? நாற்று நட்டானா? அங்க நாட்டு உழவன் விளைவித்த நெல்லை, துரியோதனன் தன் கையால் எடுத்துப் போட்டதும் அது அவன் சோறாகிவிட்டது. கடன் என்று ஒன்று இருந்தால் அது உழைத்தவனுக்கல்லவா சேர வேண்டும்? இது புரியாததால் நல்லவனான கர்ணனின் வில்லும் நாக்கும் அநியாயக்காரனுக்குச் சொந்தமாயின. அழவேண்டிய இடம் இதுதான்.

அழவேண்டிய இடம் இன்னொன்றும் உண்டு. அரங்கத்தில் வில்லோடு நின்றவனிடம் வித்தையைப் பார்க்காமல், "உன் குலம் என்ன?" என்று கேட்டார்கள். கர்ணன் கடைசியில் தாயிடம் கேட்பது என்ன? நாடா, மகுடமா? நான் செத்த பிறகாவது மடியில் போட்டு, என் மகன் என்று ஊரறிய அழு என்று கேட்கிறான். உயிரோடு இருந்தவரை இல்லாத உறவு, பிணமான பிறகு கிடைக்கிறது. அதைப் பார்த்து நாம் விம்முகிறோம்.

இன்று கூத்துக் களரி போகாதவர்களும் வீட்டில் தொலைக்காட்சித் தொடர் பார்க்கிறார்கள். தொடர் முடியப் போகிறது என்றால் அங்கேயும் இதே வழக்குத்தான். கூத்தில் கட்டியங்காரன் நம் முகத்தைப் பார்த்துப் பேசுகிறான். நாம் கத்தினால் அவன் காதில் விழும். தொலைக்காட்சிக்குக் காது இல்லை. நம் கண்ணீரைக் கணக்கெடுத்து சோப்பு விளம்பரத்துக்கு விற்கத்தான் அதற்குத் தெரியும். அப்படியானால் பார்க்கிறவனுக்குச் சக்தியே இல்லையா?

உண்டு, தோழர்களே! பஞ்சாபைப் பாருங்கள். ராமானந்த சாகர் எடுத்த ராமாயணத் தொடர் 1987 ஜனவரியில் தூர்தர்ஷனில் தொடங்கி 1988 ஜூலை கடைசியில் முடிந்தது. அது ஓடும் ஞாயிறு காலைகளில் வடநாட்டுத் தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்தன. ஏழு காண்டத்தில் ஆறாவது காண்டத்தோடு, பட்டாபிஷேகத்தோடு, கதையை நிறுத்தினார்கள். கர்ப்பிணியான சீதையைக் காட்டுக்கு அனுப்பியதும், வால்மீகியின் ஆசிரமத்தில் அவள் பிள்ளைகள் வளர்ந்ததும் ஏழாவது காண்டத்தில்தான் வருகின்றன. ஜலந்தர் நகரத் துப்புரவுத் தொழிலாளர்கள் வால்மீகியைத் தங்கள் முன்னோராகக் கொண்டாடுகிறவர்கள். "எங்கள் முன்னோர் வருகிற பகுதி எங்கே?" என்று கேட்டார்கள். மனு எழுதி ஓயவில்லை. துடைப்பத்தைக் கீழே வைத்தார்கள். வேலைநிறுத்தம் மற்ற நகரங்களுக்கும் பரவியது, குப்பை குவிந்தது. சர்க்கார் இறங்கி வந்தது. மிச்சக் கதை உத்தர ராமாயணம் என்று ஒளிபரப்பாயிற்று.

ஊரின் அழுக்கைச் சுமக்கிறவர்கள் ஒரு கதையின் முடிவை மாற்றினார்கள்! கதையில் எங்கள் இடம் எங்கே என்று அவர்கள் கேட்டது வெறும் பொழுதுபோக்கா? அது மனித மரியாதைக் கோரிக்கை. கண்ணீர் கோரிக்கையாக மாறியது. கோரிக்கை ஒற்றுமையாக மாறியது.

இப்போது நம் விழுப்புரம் மாவட்டத்துக்கே திரும்புவோம். மேல்பாதி கிராமத்திலும் திரௌபதி அம்மன் கோயில்தான். 2023 ஏப்ரல் விழாவின்போது உள்ளே போன தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். ஜூன் மாதம் அதிகாரிகள் கோயிலைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். நீதிமன்றப் படிகள் ஏறி இறங்கி, 2025 ஏப்ரலில்தான் போலீஸ் காவலோடு தலித் மக்கள் உள்ளே சென்று கும்பிட முடிந்தது.

கூத்தில் கர்ணனிடம் குலம் கேட்டவர்கள்மேல் இந்தச் சீமை முழுவதும் கோபப்படுகிறது. அதே சீமையில், கோயில் வாசலில் மனிதனை நிறுத்திக் குலம் கேட்கிறார்கள். நள்ளிரவில் வந்த நியாயம் விடிந்ததும் எங்கே போயிற்று? ஒரே வரப்பில் நின்று ஒரே கூலி வாங்குகிறவர்களை வாசலில் பிரித்து நிறுத்துவதால் யாருக்கு லாபம்? இரு தரப்பாருக்கும் குறைந்த கூலி கொடுக்கிறவனுக்கு லாபம்!

ஆகவே தோழர்களே, கூத்துக்குப் போங்கள். அழுங்கள், அதில் வெட்கம் இல்லை. தொடர் பார்க்கும் பெண்களைக் கேலி செய்யாதீர்கள். அவர்கள் ஏன் கோபப்படுகிறார்கள் என்று கேளுங்கள். விடிய விடிய வேஷம் கட்டுகிற கலைஞனும் பகலில் கூலிக்காரன்தான். அவனுக்கு உரிய ஊதியத்தைப் பேசி வாங்கிக் கொடுங்கள். களரியில் எந்தத் தெருவாரும் எந்த இடத்திலும் உட்காரட்டும். கர்ண மோட்சம் முடிந்த காலையில், பக்கத்தில் இருந்து அழுதவனின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே வாசல் வழியாகக் கோயிலுக்குள் போங்கள்.

செத்த கர்ணனை மடியில் போட்டு அழுதது போதும். உயிரோடு இருக்கிறவனைத் தம்பி என்று அழைப்போம்!